லோன் கால்குலேட்டரையும் விலைவாசி கால்குலேட்டரையும் சேத்து வெச்சு பிளான் பண்றது எப்படி: முழுமையான வழிகாட்டி

லோன் கால்குலேட்டர்ல மூணு நம்பர் (கடன், வட்டி, காலம்) போட்டா இஎம்ஐ, அதாவது மாசத் தவணை, வந்துடும், விலை ஏற ஏற ஒரு தொகை எவ்வளவு ஆகும்னு சொல்ற விலைவாசி கால்குலேட்டர்லயும் அதே மாதிரி மூணு நம்பர் (தொகை, சதவீதம், வருஷம்) தான், அப்புறம் இதுல என்ன இருக்குன்னு தான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க. நம்பர் போடறது கஷ்டமே இல்ல. எதை முதல்ல போடணும், வந்த பதில் எந்த வருஷத்துப் பணம், ரெண்டு கால்குலேட்டர் சொல்றதையும் எப்படி ஒரே தாள்ல கொண்டு வரணும், இந்த மூணுல தான் புதுசா பண்றவங்க சறுக்கறாங்க.

கீழ இருக்கிற வரிசைய மாத்தாம பண்ணுங்க, ஏன்னா ஒவ்வொரு ஸ்டெப்போட பதிலும் அடுத்த ஸ்டெப்புக்கு வேணும். எல்லாத்துக்கும் ஒரே உதாரணம் எடுத்துக்கறேன்: 20 லட்சம் கடன், வருஷத்துக்கு 9% வட்டி, 20 வருஷம். எந்த நாட்டுப் பணமா இருந்தாலும் கணக்கு ஒண்ணு தான்.

1. உக்கார்றதுக்கு முன்னாடி கைல இருக்க வேண்டியது

லோன் ஏற்கனவே ஓடிட்டு இருந்தா கடைசி ஸ்டேட்மென்ட்டை எடுத்து வெச்சுக்கோங்க. அதுலருந்து நாலு விஷயம் வேணும்: இன்னைக்கு மிச்சம் இருக்கிற அசல், இப்போ ஓடற வட்டி, இன்னும் எத்தனை மாசம், மாசம் எவ்வளவு கட்டறீங்க. வாங்கின அன்னைக்கு இருந்த தொகைய போடறவங்க நிறைய பேர். அது போன கணக்கு, அதை வெச்சு இனிமே என்ன பண்றதுன்னு முடிவு எடுக்க முடியாது.

அடுத்து லோன் பேப்பர்ல ரெண்டு விஷயம் தேடுங்க. வட்டி ஃபிக்ஸடா (கடைசி வரை மாறாதது) ஃப்ளோட்டிங்கா (நடுவுல ஏறி இறங்கறது), அப்புறம் முன்கூட்டியே கட்டினா அபராதம் ஏதாவது இருக்கா. இந்த ரெண்டும் தெரியாம நாலாவது ஸ்டெப்பும் எட்டாவது ஸ்டெப்பும் பண்ணவே முடியாது.

வீட்டுச் செலவுக்கு குறைஞ்சது மூணு மாசக் கணக்கு வேணும். மனசுல இருக்கிற நம்பரை போடாதீங்க, பேங்க் பாஸ்புக்கைப் பாத்து எழுதுங்க. மனசுல இருக்கிற நம்பர்ல வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற இன்சூரன்ஸ், ஃபீஸ், ரிப்பேர் எதுவும் இருக்காது, அதெல்லாம் கூட்டி 12ஆல வகுத்து மாசச் செலவுல சேத்துடுங்க.

2. கால்குலேட்டரையே முதல்ல சோதிச்சுப் பாருங்க

இதை யாரும் பண்றது இல்ல, ஆனா ஒரே நிமிஷ வேலை. லோன் கால்குலேட்டர்ல 1 லட்சம், 12%, 12 மாசம் போடுங்க. 8,885 வந்தா அது குறையற அசலுக்கு வட்டி போடுது, சரியான கால்குலேட்டர். 9,333 வந்தா அது ஃப்ளாட் வட்டி, அதாவது நீங்க கட்டக் கட்ட அசல் குறைஞ்சாலும் முதல் நாள் தொகைக்கே கடைசி வரை வட்டி போடுற கணக்கு.

இந்த வித்தியாசம் சின்னது இல்ல. 1 லட்சத்தை 3 வருஷத்துக்கு 10% ஃப்ளாட்ல வாங்கினா மாசம் 3,611 கட்டணும். அதே தவணைய குறையற அசல் கணக்குல பாத்தா வட்டி சுமார் 17.9% வருது. அதனால ஒருத்தர் 10% ஃப்ளாட், இன்னொருத்தர் 13% குறையற அசல்னு சொன்னா, பாக்க சின்னதா இருக்கிற 10% தான் அதிகமா புடுங்கும். வட்டிய வட்டியோட ஒப்பிடாம, மாசத் தவணையும் மொத்த மாசமும் வெச்சு ஒப்பிடுங்க.

பிராசஸிங் ஃபீஸும் இங்கயே பாத்துடுங்க. 1 லட்சம், 12%, 24 மாசம்னா தவணை 4,707. 2,000 ஃபீஸ் பிடிச்சுக்கிட்டு கைல 98,000 தான் குடுத்தாங்கன்னா உண்மையான வட்டி கிட்டத்தட்ட 14% ஆயிடும். லோன் சின்னதா இருந்தா, காலமும் குறைவா இருந்தா, ஃபீஸ் ரொம்ப பலமா கடிக்கும்.

விலைவாசி கால்குலேட்டருக்கு டெஸ்ட் இன்னும் சுலபம். 100, 10%, 2 வருஷம். 121 வரணும். 120 வந்தா அது கூட்டு வட்டி மாதிரி பெருக்காம நேரா கூட்டுது, அதை மூடிட்டு வேற எடுங்க, 20 வருஷக் கணக்குல அது உங்களை ரொம்ப ஏமாத்திடும்.

எக்செல்லயோ கூகுள் ஷீட்ஸ்லயோ மாசத் தவணைய கணக்கு போடற பிஎம்டி (PMT) ஃபார்முலா போடறவங்க வட்டிய 12ஆல வகுத்துப் போடணும், வருஷத்தை 12ஆல பெருக்கிப் போடணும். நம்ம உதாரணத்துல 9%ஐ வகுக்காம போட்டா மாசம் 1.8 லட்சம்னு வரும், பயந்துடாதீங்க, 0.75%னு போட்டா சரியாயிடும்.

3. இஎம்ஐ வந்ததும் நிறுத்தாதீங்க, மாசவாரிப் பட்டியலைத் திறங்க

20 லட்சம், 9%, 240 மாசம் போட்டா இஎம்ஐ 17,995. மொத்தம் கட்டறது சுமார் 43.19 லட்சம், அதுல வட்டி மட்டும் 23.19 லட்சம். பெரும்பாலானவங்க இந்த மொத்தத்தைப் பாத்து அதிர்ந்து போய் இங்கயே நிறுத்திடறாங்க. முடிவு எடுக்க உதவறது கீழ இருக்கிற மாசவாரிப் பட்டியல் தான்.

முதல் மாசத்தை மட்டும் உத்துப் பாருங்க. 20 லட்சத்துக்கு 0.75% வட்டி 15,000. நீங்க கட்டற 17,995ல 15,000 வட்டிக்குப் போயிடுது, அசல்ல குறையறது வெறும் 2,995. பத்து வருஷம் முடியற அன்னைக்கு நீங்க கட்டி முடிச்சது 21.59 லட்சம், ஆனா அசல் இன்னும் 14.2 லட்சம் நிக்கும். பாதி காலம் முடிஞ்சதும் பாதிக் கடன் முடிஞ்சிடும்னு நினைச்சு, பத்தாவது வருஷத்துல வித்துட்டு மாறலாம்னு பிளான் போடறவங்க இந்த வரிய கட்டாயம் பாக்கணும்.

ஓடற லோனா இருந்தா இந்தப் பட்டியலை ஸ்டேட்மென்ட்டோட ஒத்துப் பாருங்க. கொஞ்சம் வித்தியாசம் வரும், நாள் கணக்குல வட்டி போடறதாலயும் ரவுண்ட் பண்றதாலயும். வித்தியாசம் பெருசா இருந்தா வட்டி நடுவுல மாறியிருக்கும், இல்லன்னா லோனோட சேத்து இன்சூரன்ஸ் மாதிரி ஏதாவது ஏத்தியிருப்பாங்க, கடன் குடுத்தவங்க கிட்ட எழுத்துல கேளுங்க. கணக்கு டேலி ஆகாம அடுத்த ஸ்டெப்புக்குப் போகாதீங்க.

4. வட்டிய ஏத்திப் பாருங்க

ஃபிக்ஸட் லோன் வெச்சிருக்கறவங்க இதைத் தாண்டிப் போகலாம். ஃப்ளோட்டிங்னா இது தான் இந்த வழிகாட்டிலயே ரொம்ப முக்கியமான இடம்.

வட்டி 9லருந்து 10 ஆச்சுன்னு வெச்சுக்கோங்க. இஎம்ஐய ஏத்தினா 19,300, அதாவது மாசம் 1,300 சொச்சம் கூட. சமாளிச்சுடலாம். ஆனா கடன் குடுக்கறவங்க பல சமயம் இஎம்ஐய தொடாம காலத்தை நீட்டிடுவாங்க, உங்களுக்கும் மாசாமாசம் அதே தொகை போறதால எதுவும் மாறலன்னு தோணும். அதே 17,995ஐ 10%ல கட்டினா 240 மாசம் 314 மாசம் ஆகுது. 20 வருஷக் கடன் 26 வருஷம் 2 மாசம்.

இன்னும் ஒரு படி ஏத்தி 11% போடுங்க. முதல் மாச வட்டி மட்டும் 18,333. நீங்க கட்டறது 17,995. வட்டியே கட்டி முடியல, அசல் குறையறதுக்கு பதிலா ஏறும், கால்குலேட்டர்ல எர்ரர் வரும் இல்லன்னா ஏதோ அர்த்தமில்லாத நம்பர் வரும். கால்குலேட்டர் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு விட்டுடறாங்க. அது சரியா தான் சொல்லுது, இந்தத் தவணைல இந்தக் கடன் முடியவே முடியாதுன்னு.

இதைத் தவிர்க்க கணக்கை ரெண்டு விதமா எழுதி வெச்சுக்கோங்க: 2% ஏறினா காலம் மாறாம இருக்க இஎம்ஐ எவ்வளவு ஆகணும், இஎம்ஐ மாறலன்னா கடன் எந்த வயசுல முடியும். ரெண்டாவது பதில் நீங்க வேலைய விடப்போற வயசைத் தாண்டினா, லோன் தொகையவே குறைக்கறதைப் பத்தி யோசிக்கணும்.

5. விலைவாசிக்கு எந்த சதவீதத்தைப் போடறது

கால்குலேட்டர்ல ஏற்கனவே ஒரு சதவீதம் போட்டு வெச்சிருப்பாங்க, அதை அப்படியே விட்டுடாதீங்க. அரசாங்கம் சொல்ற பணவீக்கம் எல்லா வீட்டுக்கும் சேத்து எடுத்த சராசரி. உங்க வீட்டுல வாடகை இருக்கா, பள்ளி ஃபீஸ் இருக்கா, மாத்திரை செலவு இருக்கான்றது அந்த சராசரிக்குத் தெரியாது.

உங்க சதவீதத்தை நீங்களே எடுக்கலாம். 5 வருஷத்துக்கு முன்னாடி 18,000க்கு வந்த அதே சாமான், அதே பில்லு இன்னைக்கு 24,000 ஆகுதுன்னா வருஷத்துக்கு சுமார் 5.9%. இதை எடுக்க புதுசை பழசால வகுத்து, அஞ்சாவது மூலம் (1/5 அடுக்கு) எடுத்து, 1ஐ கழிக்கணும், இல்லன்னா சிஏஜிஆர் (CAGR, வருஷக் கூட்டு வளர்ச்சி சதவீதம்)னு தேடினா வர்ற கால்குலேட்டர்ல ரெண்டு நம்பரையும் வருஷத்தையும் போட்டா போதும். 33% ஏறிச்சு, 5ஆல வகுத்தா 6.7%னு போடறது தப்பு, வருஷா வருஷம் ஏறினதுக்கு மேல ஏறுதுன்றதை அது விட்டுடுது.

இங்க ஒரு கவனம். அதே சாமானை தான் ஒப்பிடணும். அன்னைக்கு பஸ், இன்னைக்கு கார்னா அது விலைவாசி இல்ல, வாழ்க்கை மாறினது. அதையும் பிளான்ல சேக்கலாம், ஆனா தனி வரியா.

எல்லா செலவுக்கும் ஒரே சதவீதம் போடறதை விட மூணா பிரிக்கறது எனக்கு சரின்னு படுது: அன்றாடச் செலவு ஒண்ணு, படிப்பு மருத்துவம் ஒண்ணு, ஏறவே ஏறாதது ஒண்ணு. மூணாவதுல தான் ஃபிக்ஸட் இஎம்ஐ வரும்.

6. இன்னைக்குப் பணம், அன்னைக்குப் பணம்

விலைவாசி கால்குலேட்டர் ரெண்டு பக்கமும் ஓடும். 30,000 மாசச் செலவு 6%ல 20 வருஷம் கழிச்சு 96,214 ஆகும், இது அன்னைக்குப் பணம். அதே 6%ல 20 வருஷம் கழிச்சு கைக்கு வர்ற 1 லட்சம், இன்னைக்கு 31,180 வாங்கற பொருளை தான் வாங்கும், இது இன்னைக்குப் பணம். எழுதற ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்துல எந்தப் பணம்னு எழுதுங்க. இது ஒண்ணை ஒழுங்கா பண்ணாலே பாதித் தப்பு போயிடும்.

ஏன்னா ரெண்டையும் கலக்கறது தான் எல்லாரும் பண்றது. லோன் கால்குலேட்டர் சொல்ற 43.19 லட்சம் இன்னைக்குப் பணம் இல்ல. முதல் மாசம் கட்டற 17,995 முழுசா 17,995 தான், ஆனா 20வது வருஷக் கடைசில கட்டற அதே தவணை 6% விலைவாசில இன்னைக்கு 5,611க்கு சமம். 240 தவணையையும் அப்படி இன்னைக்குப் பணமா மாத்தி கூட்டினா சுமார் 25.4 லட்சம் வரும். அப்போ நீங்க வாங்கின 20 லட்சத்துக்கு உண்மையா கூட கட்டறது 5.4 லட்சம் அளவு, 23 லட்சம் இல்ல.

இதைப் படிச்சுட்டு அப்போ கடன் ஈஸி தானேன்னு கிளம்பிடாதீங்க. தவணை இளகறது உங்க வருமானமும் விலைவாசியோட சேந்து ஏறினா மட்டும் தான். வருமானம் அப்படியே நின்னா, ஏறின செலவு போக அதே 17,995ஐ எடுத்து வெக்கறது வருஷா வருஷம் இன்னும் கஷ்டமாகும். அதைப் பாக்க தான் அடுத்த ஸ்டெப்.

அவசரமா தெரியணும்னா 72ஐ சதவீதத்தால வகுங்க. 6%னா 12 வருஷத்துல செலவு ரெண்டு மடங்கு. கால்குலேட்டர் பதில் நம்பற மாதிரி இருக்கான்னு பாக்கவும் இது உதவும்.

7. ரெண்டையும் ஒரே டேபிள்ல கொண்டு வாங்க

வருஷம், மாச வருமானம், மாசச் செலவு, இஎம்ஐ, கைல நிக்கறது, இவ்வளவு தான் நெடுவரிசை. எல்லாம் அன்னைக்குப் பணத்துல. கடைசில மட்டும் கைல நிக்கறதை இன்னைக்குப் பணமா மாத்த ஒரு நெடுவரிசை.

உதாரணத்துக்கு வருமானம் 60,000, வருஷம் 5% ஏறுது, செலவு 30,000, வருஷம் 6% ஏறுது, இஎம்ஐ 17,995.

இன்னைக்கு: 60,000ல 30,000 போக, 17,995 போக, கைல 12,005.
5 வருஷம் கழிச்சு: வருமானம் 76,577, செலவு 40,147, கைல 18,435, இன்னைக்குப் பணத்துல சுமார் 13,776.
10 வருஷம் கழிச்சு: வருமானம் 97,734, செலவு 53,725, கைல 26,014, இன்னைக்குப் பணத்துல சுமார் 14,526.

நல்லா தான் இருக்கு. இப்போ வருமானத்தை மட்டும் 5%லருந்து 3%க்கு இறக்குங்க. பத்தாவது வருஷம் வருமானம் 80,635, கைல நிக்கறது 8,915, இன்னைக்குப் பணத்துல 5,000 கூட இல்ல. வருமானத்தை 5%லயே விட்டுட்டு செலவை 8% ஆக்கினா கைல 14,971, அந்த விலைவாசில அது இன்னைக்கு 7,000க்கும் கீழ.

வட்டில கால் சதவீதம் குறைக்க நாலு இடம் ஏறி இறங்கறவங்க வருமானம் எவ்வளவு ஏறும்ன்றதை மட்டும் ஆசைக்கு ஒரு நம்பர் போட்டுடறாங்க. இந்த டேபிளை அதிகமா ஆட்டி வெக்கறது அந்த நம்பர் தான். கடந்த அஞ்சு வருஷம் உங்க சம்பளம் நிஜமா எவ்வளவு ஏறிச்சோ அதை விட கொஞ்சம் குறைச்சே போடுங்க.

இந்த டேபிள்ல வர்ற பெரிய தப்பு இஎம்ஐயையும் விலைவாசியோட ஏத்திடறது. செலவுன்னு மொத்தமா 47,995 போட்டு 6% ஏத்தினா பத்தாவது வருஷம் இல்லாத செலவு வந்து நிக்கும். இஎம்ஐ வட்டி மாறினா தான் மாறும், விலைவாசியோட ஏறாது. அதே மாதிரி லோன் முடியற வருஷத்துக்கு அப்புறம் இஎம்ஐ நெடுவரிசைல பூஜ்யம் போட மறக்காதீங்க.

8. முன்கூட்டியே கட்டறதை இப்போ தான் பாக்கணும்

ஏழாவது ஸ்டெப் முடிக்காம இங்க வரக்கூடாது. கைல எவ்வளவு நிக்கும்னு தெரியாம கூடுதலா கட்டிட்டு, ஆறு மாசத்துல அவசரத்துக்கு அதை விட அதிக வட்டில கடன் வாங்கறவங்களைப் பாத்திருக்கேன், வருத்தமா இருக்கும். கட்டின காசு திரும்ப வராது, அதனால சில மாசச் செலவுக்குப் பணம் தனியா வெச்சுட்டு மிச்சத்தை மட்டும் இதுல போடுங்க.

மாசம் 2,000 கூட கட்டினா, அதாவது 19,995, 240 மாசம் 186 மாசமா குறையுது, வட்டில 6 லட்சத்துக்கு மேல மிச்சம். மொத்தமா ஒரு தொகை கட்டறதா இருந்தா நேரம் முக்கியம். முதல் வருஷக் கடைசில 1 லட்சம் கட்டினா 27 மாசத்துக்கு மேல குறையும், வட்டி மிச்சம் கிட்டத்தட்ட 4 லட்சம். அதே 1 லட்சத்தை 15 வருஷம் முடிஞ்சு கட்டினா 8 மாசம் சொச்சம் தான் குறையும், மிச்சம் 52,000 அளவு.

ஆனா அந்த 4 லட்சம் அன்னைக்குப் பணம். நீங்க மிச்சம் பிடிக்கற தவணை எல்லாம் கடைசி ரெண்டு மூணு வருஷத்துல வரவேண்டியது. 6% விலைவாசி வெச்சு மாத்திப் பாத்தா இன்னைக்குப் பணத்துல லாபம் சுமார் 70,000. அதுவும் நல்ல லாபம் தான், ஆனா கால்குலேட்டர் பெரிய எழுத்துல காட்டற தொகைக்காக அவசரப்பட வேண்டியதில்ல.

கடனைக் கட்டலாமா, முதலீடு பண்ணலாமான்னு வர்றப்போ விலைவாசிய உள்ள கொண்டு வராதீங்க. 9% வட்டிய, வரி போக கைக்கு வர்ற வருமானத்தோட நேரா ஒப்பிடுங்க. முதலீட்டுல மட்டும் 6% கழிச்சு, கடன் வட்டில கழிக்காம ஒப்பிட்டா கிட்டத்தட்ட எப்பவும் கடன் கட்டறதே ஜெயிக்கும். கழிச்சா ரெண்டுலயும் கழிக்கணும், இல்லன்னா ரெண்டுலயும் விடணும். கடனுக்கு வரிச் சலுகை கிடைக்கற இடமா இருந்தா அதையும் கழிச்சுட்டு ஒப்பிடுங்க.

கட்டினதும் காலத்தைக் குறைக்கச் சொல்றீங்களா, இஎம்ஐய குறைக்கச் சொல்றீங்களான்னு எழுத்துல குடுங்க. மேல சொன்ன மிச்சம் எல்லாம் காலம் குறைஞ்சா தான் கிடைக்கும். டேபிள்ல கைல நிக்கறது ரொம்ப ஒட்டி இருந்தா இஎம்ஐய குறைக்கறதும் சரியான முடிவு தான்.

9. கடனோட சேத்து சேமிப்பும் இருந்தா

10 வருஷம் கழிச்சு ஒரு செலவு வருது, இன்னைக்கு அது 10 லட்சம், வருஷம் 7% ஏறுது. அன்னைக்குத் தேவை 19.67 லட்சம். முதலீட்டுக்கு வருஷம் 8% வருமானம், அது மாசா மாசம் கூட்டு வட்டியா சேருதுன்னு வெச்சா மாசம் 10,753 போடணும். விலைவாசிய மறந்து 10 லட்சத்தையே இலக்கா போட்டா 5,466 போதும்னு கால்குலேட்டர் சொல்லும், பாதி தான் சேரும்.

இதுக்கு நேர் எதிரான தப்பும் உண்டு. இலக்கையும் 19.67 லட்சமா ஏத்திட்டு, முதலீட்டு வருமானத்துலயும் 8லருந்து 7 போச்சு, 1% தான்னு போடறது. விலைவாசிய ரெண்டு தடவை எடுத்தாச்சு, வர்ற தொகை மலைப்பா இருக்கும், சேமிக்கவே முடியாதுன்னு விட்டுடுவாங்க. 1% போட்டா இலக்கு 10 லட்சமாவே இருக்கணும், மாசம் போடற தொகையையும் வருஷா வருஷம் 7% ஏத்திட்டே போகணும்.

வந்த மாசத் தொகைய ஏழாவது ஸ்டெப் டேபிள்ல இன்னொரு நெடுவரிசையா சேருங்க. கைல நிக்கறது எந்த வருஷமாவது மைனஸ் ஆச்சுன்னா இலக்கைத் தள்ளிப் போடறதா, லோனை நீட்டறதான்னு அங்க தான் முடிவு பண்ணணும்.

10. திரும்ப எப்போ போடணும்

வட்டி மாறினதா மெசேஜ் வந்த அன்னைக்கே மூணாவதும் நாலாவதும் ஸ்டெப். சம்பளம் மாறினா ஏழாவது. வேற எதுவும் மாறலன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா, புது ஸ்டேட்மென்ட்ல இருக்கிற அசலை வெச்சு.

பழைய ஷீட்டை அழிக்காம காப்பி எடுத்து அதுல மாத்துங்க, மேல தேதியும் அன்னைக்குப் போட்ட மூணு சதவீதமும் எழுதி வெச்சுடுங்க: வட்டி, விலைவாசி, வருமான ஏத்தம். அடுத்த வருஷம் நிஜ செலவு அந்த டேபிள்ல சொன்னதை விட எவ்வளவு தள்ளி இருக்குன்னு பாத்து சதவீதத்தைத் திருத்துங்க, வருமானத்தை முதல்ல.